எட்டு டிகிரி மடிப்பு

செங்கமலம் கோபம் வந்தால் கத்தமாட்டாள், பாத்திரத்தைப் போட்டு உடைக்கமாட்டாள். உள்ளுக்குள் வைத்துக்கொள்வாள். அப்படி இரண்டு வருஷமாக அவள் வைத்திருந்த கோபத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் சொந்தக்காரன். அஸ்வின்.

அந்த மகானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து, குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பர்மனென்ட் உத்தியோகத்து அப்பாவின் தயவில் இன்ஜினியரிங் முடித்தவன். வயது இருபத்தொன்பது. இந்திரா நகரில் சோமசுந்தரம் நடத்தும் டிசைன் ஆபீஸில் அவன்தான் சீனியர். நிலக்கரி மைன்ஸில் ஓடும் பழைய இயந்திரங்களின் பாகங்களை அளந்து, கம்ப்யூட்டரில் மாடலாக வரைந்து, பட்டறைகளுக்கு டிராயிங் எடுத்துக் கொடுப்பது அந்த ஆபீஸின் வேலை. செங்கமலம் அங்கே பிரிண்ட் எடுப்பவள். பிரிண்ட் மட்டும் எடுத்தால் போதுமா? டீ சொல்ல வேண்டும், அளக்கப் போனால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும், மீட்டிங் என்றால் புரொஜெக்டருக்கு வயர் மாட்ட வேண்டும். ஐ.டி.ஐ.யில் வீட்டு பிளான் வரையப் படித்தவள். நேர்க்கோடு போடத் தெரிந்தவளுக்கு வளைவும் போட்டுப் பார்க்கலாமே என்று ஒருநாள் ஆசை வந்தது. அந்த ஆசைதான் வம்பாகப் போயிற்று.

"எனக்கும் ஒண்ணு குடுங்க சார், பண்ணிப் பாக்குறேன்" என்று அஸ்வினிடம் கேட்டாள்.

"தாராளமா" என்றான். மேலே சதுரமாகத் தொடங்கிக் கீழே வட்டமாக முடிகிற ஒரு குழாயைக் கொடுத்தான். முதன்முதலாக மாடல் போட்டுப் பார்ப்பவளுக்கு யாராவது அதைக் கொடுப்பார்களா? அவன் கொடுத்தான். செங்கமலம் சதுரம் போட்டாள், கீழே வட்டம் போட்டாள், இரண்டையும் இணைக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினாள். சதுரத்தின் எந்த மூலை வட்டத்தின் எந்தப் புள்ளிக்குப் போக வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அது அவளுக்கு அப்போது தெரியாது. முதல் மூலை போய் மூன்றாவது புள்ளியைப் பிடித்துக்கொண்டது. குழாய், பிழிந்த துண்டு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது.

அஸ்வின் வந்து பார்த்தான். அதைப் பெரிய தாளில் கலரில் பிரிண்ட் போடச் சொன்னான். அவளே போட்டாள். செலோடேப் கேட்டான். அவளே கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, பைத்தியக்காரி! சுவரில் ஒட்டி, அடியில் மார்க்கரால் எழுதினான்: 'செங்கமலம்'. ஆபீஸே சிரித்தது. சோமசுந்தரமும் சிரித்தார். பக்கத்து நாற்காலி விஷ்ணு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

அன்றோடு போயிருந்தால் அவளும் மறந்திருப்பாள். போகவில்லை. அதற்குப் பிறகு யாருடைய மாடல் கெட்டாலும், "போச்சுடா, செங்கமலம் ஆயிடுச்சு" என்பது பேச்சாகிவிட்டது. போனில் பட்டறைக்காரர்களிடமும் அப்படியே சொன்னார்கள். அவள் டீ கிளாஸை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே சொன்னார்கள். முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார்கள். பார்த்தால், "உங்கள சொல்லல" என்று ஒரு சிரிப்பு.

ஒருநாள் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கிய மகள் இசைப்பிரியா, பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அம்மா, ஒம் பேரு கெட்ட வார்த்தையா?"

"யாரு சொன்னது?"

"விஷ்ணு அங்கிள் பையன். நான் யானை வரைஞ்சேன். செங்கமலம் ஆயிடுச்சுன்னு சொல்லிச் சிரிக்கிறான். வேன்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

அவளுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, நெஞ்சுக்குக் கீழே நிஜமாகவே எரிந்தது. பிள்ளைக்குச் சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் செய்துகொண்டே ஒன்றை முடிவு பண்ணினாள். அவனை அதே ஆபீஸில், நாலு பேர் நடுவில் தலை குனிய வைக்காமல் விடுவதில்லை. திட்டினால் வாய்க்கொழுப்பு என்பார்கள், அழுதால் பாவம் என்பார்கள். எந்த வளைவை வைத்துச் சிரித்தானோ, அந்த வளைவாலேயே அவனுக்கு அடி விழ வேண்டும்.

டவுன்ஷிப் பழக்கம் அவளுக்குத் துணைக்கு வந்தது. ஒரு மணி ஆனால் ஆண்கள் எல்லாரும் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, இரண்டு மணிக்குமேல்தான் திரும்புவார்கள். அந்த ஒரு மணி நேரம் ஆபீஸ் முழுக்க அவளுடையது. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சோறு, மறுகையால் மவுஸ். போனில் பாட வீடியோக்கள் ஓடும். பாதி இந்தியில் இருக்கும், மீதி எந்த ஊர் பாஷையோ. சத்தத்தை அணைத்துவிட்டு, திரையில் அந்த அம்புக்குறி எங்கே போகிறது, எதைத் தொடுகிறது என்று மட்டும் பார்த்துக் கற்றாள்.

முதலில் குழம்புக் கரண்டி செய்தாள். அடுத்து இட்லித் தட்டு. அப்புறம் அவளுக்குக் கிறுக்குப் பிடித்து முந்திரிப் பருப்பைச் செய்யப் பார்த்தாள். காடாம்புலியூரில் பிறந்தவள், முந்திரி உடைத்துக் கை கறுத்தவள். ஆயிரக்கணக்கில் உடைத்த பருப்புக்கு இப்படி ஒரு வளைவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டாள். வெளிப்பக்கம் ஒருவிதமாக வளைகிறது, உள்பக்கம் வேறுவிதமாக. நுனியில் ஒல்லியாகி, நடுவில் பருத்து, லேசாகத் திரும்பியும் கிடக்கிறது. பதினொரு தடவை கெட்டது. ஒவ்வொரு தடவையும் வாய்விட்டே சொன்னாள்: "அஸ்வின் ஆயிடுச்சு." பன்னிரண்டாம் தடவை, பல்லால் கடிக்கலாம் போல வந்து நின்றது. அதைச் சேமிக்கவில்லை. அழித்துவிட்டு எழுந்து இரண்டு மணி டீக்குச் சொல்லப் போனாள்.

இரண்டு வருஷம் இப்படி. வளைவுகள் வெறுமனே தொட்டுக்கொண்டால் போதாது, ஒன்று எந்தத் திசையில் முடிகிறதோ அதே திசையில் அடுத்தது தொடங்க வேண்டும் என்று கற்றாள். அதைச் சோதிக்க ஒரு பொத்தான் உண்டு என்றும் கற்றாள். அமுக்கினால் மாடல் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஓடும். இணைப்பு வழுவழுப்பாக இருந்தால் பட்டை நெளியாமல் போகும். எங்கேயாவது மடிப்பு இருந்தால் அந்த இடத்தில் பட்டை வெட்டுப்பட்டு, தள்ளிப் போய்த் தொடங்கும். அஸ்வின் அந்தப் பொத்தானை ஒருநாளும் தொட்டு அவள் பார்த்ததில்லை. அவனுக்கு எதற்கு அதெல்லாம்? பளபளவென்று நீலக் கலர் கொடுத்துத் திரையில் சுற்றிக் காட்டுவான், எல்லாரும் ஆஹா என்பார்கள், முடிந்தது.

ஐப்பசி மழையில் ஒரு வேலை வந்தது. ஒரு பெல்ட்டில் வரும் நிலக்கரி அடுத்த பெல்ட்டில் விழும் இடத்தில், தகட்டில் செய்த சரிவு ஒன்று இருக்கும். ஷூட் என்பார்கள். மழைக்காலத்தில் ஈர நிலக்கரி அதில் களியாக அப்பிக்கொள்ளும். வளைந்த முதுகுள்ள புது ஷூட் வேண்டும், நிலக்கரி வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்று ஒரு பட்டறைக் கம்பெனி கேட்டிருந்தது. செங்கமலத்துக்கு ஷூட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் புருஷன் துரைராஜ் கான்ட்ராக்டில் அந்த வேலைதான் பார்க்கிறான். அடைத்துக்கொண்டால் பெல்ட்டை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கி, கடப்பாரையால் குத்திவிட வேண்டும். தலைக்குமேல் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

"தகடு எங்கனா மடங்கி இருந்தா அங்கதான் புடிச்சிகினு நிக்கும்" என்பான் துரைராஜ். "குத்திகினே இருக்கணும். இந்த மழைக்கு ஒரு ஷிப்ட்ல ஆறு வாட்டி எறங்குனேன்."

செவ்வாய்க்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போனதும் செங்கமலம் அஸ்வினின் ஷூட்டைத் திறந்தாள். பட்டைப் பொத்தானை அமுக்கினாள். முதுகுத் தகட்டின் நடுவில், இரண்டு வளைவுகள் சேரும் இடத்தில், பட்டைகள் அத்தனையும் வெட்டுப்பட்டுக் கிடந்தன. கோணத்தை அளந்தாள். எட்டு டிகிரி. நீலக் கலரில் கண்ணுக்கே தெரியாத எட்டு டிகிரி மடிப்பு. ஈர நிலக்கரி உட்கார அதைவிட வசதியான இடம் கிடைக்காது.

'மாட்டினடா மவனே!' என்று சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. இது இப்படியே தகடாகிப் போனால், கடப்பாரையோடு உள்ளே இறங்குகிறவர்களில் அவள் புருஷனும் இருப்பான். ஆக வாயை மூடிக்கொண்டிருக்க வழியில்லை. சொல்லத்தான் வேண்டும். எங்கே, எப்போது என்பதை அவள் முடிவு செய்வாள். வெள்ளிக்கிழமை பட்டறைக் கம்பெனி சார்பில் மருதாசலம் வருகிறார். அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் தகடு வெட்டுவார்கள். நாள் இருக்கிறது. புதன், வியாழன் இரண்டு மதியமும் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்து, அதே அளவுகளில் அந்த முதுகைத் தன் கையால் புதிதாகச் செய்து முடித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. அஸ்வின் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தான். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு அவளுக்கும் நீட்டினான். குங்குமம் வைத்த பத்திரிகை, உறையில் அவள் பேர், 'குடும்பத்துடன்' என்றும் எழுதியிருந்தது. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளை, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா, நாலு பேர் எதிரில் எதற்கு என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். வாயைத் திறக்கவும் போனாள்.

"கண்டிப்பா வந்துடணும்" என்றான் அஸ்வின். அப்புறம் விஷ்ணு பக்கம் திரும்பி ஒரு கண்ணடிப்பு. "மண்டபத்துக்கு நேரா வாங்க. வழக்கம்போல முறுக்கிகிட்டு வேற எங்கயாச்சும் போயிடாதீங்க."

விஷ்ணு சிரித்தான். செங்கமலமும் சிரித்தாள். "வந்துடறேன் சார்" என்றாள். பத்திரிகையைப் பைக்குள் வைத்தாள். நல்லவேளை, அவனாகவே வாயைத் திறந்து அவள் நெஞ்சைக் கல்லாக்கிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மருதாசலம் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனுஷன். மைன்ஸில் முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆகி, இப்போது அந்தப் பட்டறைக் கம்பெனிக்கு யோசனை சொல்பவர். அதிகம் பேசமாட்டார். சோமசுந்தரம் பக்கத்தில் உட்கார்ந்தார், விஷ்ணு ஓரமாக உட்கார்ந்தான். அஸ்வின் புதுச் சட்டையோடு, கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற பேனாவோடு நின்றான். நின்றுகொண்டு பேசுவதுதான் அவனுக்குப் பிடிக்கும். லேப்டாப்பில் மாடலைத் திருப்பிக் காட்டுவது எப்போதும்போல செங்கமலம்.

"முதுகுப் பக்கம் காட்டுங்க" என்றான். காட்டினாள்.

"சார், இந்த வளைவு பாருங்க. தண்ணி மாதிரி எறங்கும். ஒரு துளி நிக்காது."

செங்கமலம் பொத்தானை அமுக்கினாள்.

நீல ஷூட் மறைந்தது. சுவர் நிறையக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். நடுவில், யாரோ கத்தியால் குறுக்கே இழுத்தது போல் அத்தனை பட்டையும் வெட்டுப்பட்டிருந்தது. அஸ்வின் திரும்பிப் பார்த்து, "என்னது இது? வைரஸா?" என்றான்.

மருதாசலம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். எழுந்து போய்ச் சுவரருகே நின்றார். வெட்டின்மேல் விரலை வைத்தார்.

"வைரஸ் இல்லீங்க. இந்த எடத்துல தகடு மடங்குது. எத்தனை டிகிரி வருது?"

அஸ்வினுக்குத் தெரியவில்லை. "எட்டு சார்" என்றாள் செங்கமலம், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எட்டு டிகிரி! மழை பேஞ்சா இங்க நிலக்கரி கட்டி நிக்குமே. மனுசன் உள்ள எறங்கிக் குத்தோணுமே. என்னங்க அஸ்வின், தண்ணியாட்ட எறங்கும்னீங்க?"

அஸ்வின் முகத்தில் ரத்தம் வற்றியதைச் செங்கமலம் ஆற அமரப் பார்த்தாள். இரண்டு வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தான். பார்க்கப் பார்க்கக் குளிர்ந்தது. ஆனால் அவன் லேசுப்பட்ட ஆளா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சிரித்த முகமாகச் சொன்னான்:

"சாரி சார். இது நம்ம செங்கமலம் பண்ண மாடல். கத்துக்கட்டுமேன்னு குடுத்தேன். நான் ஒழுங்கா பாத்திருக்கணும்."

அடப்பாவி! அவளுக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. பொய், பச்சைப் பொய் என்று கத்தல் வாய்வரை வந்துவிட்டது. சோமசுந்தரத்தைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும், யார் செய்தது என்று. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷ்ணுவுக்கும் தெரியும். அவனும் நகத்தைப் பார்த்தான். சீனியரின் மானம் போவதற்குப் பதிலாகப் பிரிண்ட் எடுக்கிறவளின் மானம் போகட்டும் என்று அத்தனை பேரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

மருதாசலம் மேஜைமேல் இருந்த டிராயிங்கை எடுத்தார். தாளின் மூலையில் பேர் எழுதும் கட்டங்களைப் பார்த்தார். "இங்க வரைந்தவர் அஸ்வின், சரிபார்த்தவர் அஸ்வின்னு இருக்குதே?"

"அது... ஆபீஸ் வழக்கம் சார். யார் பண்ணாலும் என் பேர்லதான் போகும்."

"ஓஹோ. எத்தனை நாளா அப்படி?"

அஸ்வின் சோமசுந்தரத்தைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில்தான் செங்கமலத்துக்குப் புத்தியில் பட்டது. கத்தினால் அவன் பொய்யன் ஆவான், அவ்வளவுதான். நாளைக்கே ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வான். கத்தாவிட்டால்? அவன் தன் வாயாலேயே நாலு பேர் எதிரில், இவள் மாடல் செய்கிறவள் என்று சொல்லிவிட்டான். அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க அவனால் முடியாது. எடுத்தால் எட்டு டிகிரி அவன் தலையில் விழும்.

"ரெண்டு வருஷமா சார்" என்றாள்.

அஸ்வின் சடாரென்று திரும்பினான்.

"அப்படிங்களா?" என்று மருதாசலம் அவனையே கேட்டார். "போன வருசம் எங்களுக்குப் பண்ணுன, நிலக்கரி கொட்டற ஹாப்பரு? பம்ப் மூடி? எல்லாமே இந்த அம்மணிதானுங்களா?"

செங்கமலம் அவனைப் பார்த்துச் சிரித்தாள். டீ கொடுக்கும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு. சொல்லு ராசா, இல்லை என்று சொல்லு. இல்லை என்றால் இந்த ஷூட் யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அஸ்வின் சிவப்பு வெளிச்சப் பேனாவை மேஜையில் வைத்தான்.

"...ஆமா சார்."

"நான் பண்ணதுதான் சார்" என்று செங்கமலம் உடனே அதைப் பிடித்துக்கொண்டாள். "இதுல தப்பு ஆயிடுச்சு. பட்ட போட்டுப் பாத்தப்பத்தான் தெரிஞ்சிது. அதனால முதுக மறுபடியும் பண்ணிகினு வந்தேன். பாக்குறீங்களா?"

அவள் தன் ஃபைலைத் திறந்தாள். அதே ஷூட், அதே அளவு. பொத்தானை அமுக்கினாள். பட்டைகள் மேலிருந்து கீழே வரை எங்கும் அறுபடாமல் இறங்கின. மருதாசலம் வெகுநேரம் பார்த்தார். மாடலைத் திருப்பச் சொன்னார், ஓரங்களைக் காட்டச் சொன்னார், நாலு இடத்தில் அளவு கேட்டார். ஒவ்வொன்றுக்கும் டக்டக்கென்று பதில் வந்தது.

"சோமசுந்தரம்," என்றார் கடைசியில், "இத்தனை நாள் வேலை செஞ்சவங்க பேரு தாள்ல இல்லாமப் போனது தப்புங்க. இனிமே எங்க டிராயிங் எல்லாத்துலயும் வரைந்தவர்னு இந்த அம்மணி பேரு இருக்கோணும். அஸ்வின் சரிபார்த்துக் கையெழுத்துப் போடட்டும். ரெண்டு கையெழுத்தும் இல்லாம நான் தாள் வாங்கறதில்ல. இந்தச் செட்டு இன்னைக்கே வேணும்."

சோமசுந்தரம் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "நிச்சயமா சார், அதான் நாங்களும் யோசிச்சிகிட்டிருந்தோம்" என்றார். என்னமாய் யோசித்தாராம்!

சாயங்காலம் நாலு மணிக்கு டிராயிங் தயாரானது. பன்னிரண்டு தாள். முதல் தாளில் 'வரைந்தவர்' கட்டத்தில் தன் பேரை முழுதாக எழுதி, அஸ்வின் மேஜைமேல் வைத்துப் பேனாவும் வைத்தாள் செங்கமலம்.

அவன் தாளைப் பார்த்தான். பேனாவைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றான்.

"நீங்க சொன்னதத்தான் சார் நானும் சொன்னேன்."

"பழிவாங்குறீங்க இல்ல?"

"ஆமா" என்றாள். அதை மறைக்க அவளுக்கு என்ன வந்தது?

அவன் மறுபடி தாளைப் பார்த்தான். வளைவுகள், புள்ளிகள், அளவுகள். சரிபார்த்தவர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்குத் தகடு எங்கே மடங்கினாலும் இந்தத் தடவை சொல்ல வேறு பேர் கிடையாது. இவளோ எதையும் செய்யக்கூடியவள் என்று இன்று காலையில்தான் கண்டிருக்கிறான். வேண்டுமென்றே உள்ளே ஒரு மடிப்பை வைத்திருந்தால்?

"செங்கமலம்... இது சரியா இருக்குல்ல? நிஜமா சொல்லுங்க."

இருந்தது. முடியளவுகூடப் பிசகாமல் சரியாக இருந்தது. துரைராஜ் இறங்குகிற ஷூட்டில் அவள் விளையாடுவாளா? ஆனால் அதை இவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

"சரிபாக்கிறவரு நீங்க. பாருங்க சார்."

அவன் மவுஸைப் பிடித்தான். திரையிலிருந்த பொத்தான் பட்டியலை மேலும் கீழும் தள்ளினான். அஞ்சு நிமிஷம் போயிற்று. காதெல்லாம் சிவந்துவிட்டது. விஷ்ணு தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், காது மட்டும் இங்கே.

"அந்தப் பட்டை... எங்க இருக்கு?"

"உங்களுக்குத் தெரியலன்னா கையெழுத்துப் போட வாணாம் சார்" என்றாள், ஆபீஸுக்கே கேட்கிற மாதிரி. "மருதாசலம் சாருக்கு போன் பண்ணி, அஸ்வின் சாருக்குப் பாக்கத் தெரியலயாம்னு சொல்லிடறேன்."

அஸ்வின் பேனாவை எடுத்தான். அவள் பேருக்குக் கீழே இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். செங்கமலம் மை காயும்வரை பொறுத்திருந்து, அந்தத் தாளை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தாள்.

"இன்னும் பதினொண்ணு இருக்கு சார்" என்றாள்.